‘சாரி’ என்றால் மன்னிப்பா, வருத்தமா?

மழைக்காகம்:
அப்பா இறந்த மறுநாள், கூட வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர் போன் செய்து ‘ஐ ஆம் சோ சாரி’ என்றார். நானும் ‘பரவாயில்லை, உங்கள் மேல் என்ன தப்பு’ என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது. சாவுக்கும் சாரி, காலை மிதித்தாலும் சாரி, காதில் விழாவிட்டாலும் ‘சாரி?’. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் அதற்கு என்ன மதிப்பு? நமக்கு வருந்துகிறேன் வேறு, மன்னித்துவிடுங்கள் வேறு.

வேர்தேடி:
அவர் சொன்னதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள் நண்பரே. ஆங்கிலத்தில் புண், வலி என்று பொருள்படும் ‘சோர்’ (sore) இருக்கிறதே, சாரி அதன் கூடப்பிறந்தது. துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’வோடு (sorrow) வேரில் உறவே கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் புழங்கி ஒட்டிக்கொண்டதுதான். முதலில் ‘எனக்கு வலிக்கிறது’, மன்னிப்பு அதற்கப்புறம் வந்தது.

மழைக்காகம்:
வேர் எதுவாக இருந்தால் என்ன, இன்றைக்கு அதற்குள் ஒளிந்துகொள்ள முடிகிறதே! ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் சாரி’ என்பவர் தப்பை ஒப்புக்கொண்டாரா இல்லையா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006இல் சட்டமே போட்டார்கள், சாரி சொன்னதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. குழப்பம் இல்லையென்றால் சட்டம் எதற்கு?

வேர்தேடி:
அந்த ‘புண்பட்டிருந்தால்’ ஆசாமி தமிழில் பேசினாலும் அதையேதான் செய்வார், சொல்லைக் குறை சொல்லி என்ன பயன்? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பறித்ததற்கு 1999இல் நாடாளுமன்றத் தீர்மானம் ‘ரெக்ரெட்’, அதாவது வருந்துகிறோம், என்பதோடு நின்றது, சாரி என்று சொல்ல அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுத்துவிட்டார். 2008 பிப்ரவரி 13 அன்று, அவருக்கு அடுத்து வந்த பிரதமர் கெவின் ரட் அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள். மதிப்பில்லாத சொல்லுக்கா அத்தனை வருடம் காத்திருந்தார்கள்?

மழைக்காகம்:
சரி, அது கனமான சொல்தான், ஏற்கிறேன். ஆனால் அவ்வளவு கனமானதைத்தான் காலை மிதித்ததற்கும் செலவழிக்கிறார்கள், என் ஆதங்கமே அது. அப்புறம், அன்றைக்கு போனில் நான் என்னதான் சொல்லியிருக்க வேண்டும்?

வேர்தேடி:
‘தேங்க் யூ’ போதும். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இப்போதும் அவரோடு பேச்சு உண்டென்றால் சொல்லிவிடுங்கள், கட்டாயம் புரிந்துகொள்வார்.