அப்பத்தாவின் செலவுச் சிட்டையை மீன் கணக்காக எடுத்துக்கொள்ளலாமா?

தேவகோட்டை முற்றம்
போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பத்தாவின் செலவுச் சிட்டை கிடைத்தது. 1961, 62ஆம் வருஷத்துக் கணக்கு. பால், விறகு, வெளுக்கிறவருக்கு எட்டணா, நடுநடுவே மீன். ஒரு நாள் இப்படி எழுதியிருக்கிறார்: “தொண்டி மீன்காரி. திருக்கை. கூடையில் அடங்கலை. பாதி வாங்கினது.” இன்னொரு நாள், “பால்சுறா, பிள்ளை பெத்தவளுக்கு.”

மறுநாள் காரைக்குடி மார்க்கெட்டுக்குப் போனேன். தாம்பாளம் அளவுகூட இல்லாத ஒரு திருக்கையைக் காட்டி, “இன்னைக்கு நல்ல பெருசும்மா” என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்றவரும் தலையாட்டினார். யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்ததில் அதுதான் பெரிசு.

இதைத்தான் டேனியல் பௌலி 1995இல் ஒரு சின்னக் கட்டுரையில் எழுதினார். பிரான்சில் பிறந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் மீன்வள விஞ்ஞானி. ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்குச் சேர்ந்தபோது கடலில் இருந்த மீனையே ‘முழு அளவு’ என்று எடுத்துக்கொள்கிறார், அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்றுதான் பார்க்கிறார், அடுத்தவர் இன்னும் கீழே இருந்து தொடங்குகிறார் என்கிறார். நகரும் அடிக்கோடு என்று சொல்லலாம். அதே கட்டுரையில் அவருடைய சகா ஒருவரின் தாத்தா வருகிறார். 1920களில் டென்மார்க் பக்கத்துக் கடலில் கானாங்கெளுத்திக்கு விரித்த வலையில் பெரிய சூரைகள் வந்து சிக்குவதாகச் சலித்துக்கொண்டாராம். அப்போது அதை வாங்க ஆள் இல்லை. இந்த மாதிரிப் பழங்கதைகளையும் தரவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பௌலியின் வாதம். அப்பத்தா சிட்டை அதில் சேருமா, சேராதா?

கோட்டையூர் கணக்கன்
சேராது ஆச்சி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கூடையில் அடங்காத மீன் வந்த நாளைத்தான் அப்பத்தா தனியாக எழுதியிருக்கிறார். சின்ன மீன் வந்த நாளில் ‘மீன்’ என்று ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். நினைவு என்றாலே பெரிசைத்தான் பிடித்து வைக்கும். அதை வைத்துக் கடலுக்கு ஐந்தொகை, அதாவது இருப்புக் கணக்கு, போட்டால் எந்தக் கணக்கப்பிள்ளையும் கையெழுத்துப் போட மாட்டார்.

இந்த விஞ்ஞானிகள் பயமுறுத்துவதும் எனக்கு ஒத்துவரவில்லை. 2048இல் கடலில் மீனே இருக்காது என்றவர் இவர்தானே?

தேவகோட்டை முற்றம்
இல்லை தம்பி, அது கடல் விஞ்ஞானி போரிஸ் வோர்மும் கூட்டாளிகளும் 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. அவர்களும் ‘மீனே இருக்காது’ என்று எழுதவில்லை. ஒரு இனத்தின் பிடிப்பு அதன் உச்ச அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் ‘சரிந்தது’ என்று வைத்துக்கொண்டார்கள். அதே போக்கு நீடித்தால், இப்போது பிடிக்கும் இனங்கள் எல்லாம் 2048க்குள் அந்த நிலைக்கு வரும் என்று கோட்டை நீட்டிப் பார்த்தார்கள். தலைப்புச் செய்திதான் அதைக் கருமாதிப் பத்திரிகை ஆக்கிவிட்டது.

மண்சட்டி
நடுவில் ஒரு சந்தேகம். சித்திரை, வைகாசியில் மீன் விலை ஏறுவது இந்த நகரும் கோட்டாலா, தடைக்காலத்தாலா?

கோட்டையூர் கணக்கன்
தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முன்னே 45 நாளாக இருந்ததை 2017இல் கூட்டினார்கள்.

நீங்கள் கேட்டதிலேயே என் வாதமும் இருக்கிறது. அந்த 61 நாளும் விசைப்படகு பிடிப்பு பூஜ்யம். அதனால் கடலில் மீன் பூஜ்யமா? பிடித்த மீனை வைத்து இருக்கிற மீனைச் சொல்ல முடியாது. வாஷிங்டன் பல்கலைக்கழக மீன்வள விஞ்ஞானி ரே ஹில்போர்ன் வருஷக்கணக்காகச் சொல்வது இதுதான். சட்டம் வந்தாலும் பிடிப்பு குறையும், விலை விழுந்தாலும் குறையும். 2013இல் ‘நேச்சர்’ இதழில் பௌலி ஒரு பக்கம், ஹில்போர்னும் அவருடைய சகா பிராஞ்சும் மறுபக்கம் நின்று இதற்காகவே வாதாடினார்கள்.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மீன் கூட்டம்தான் முதல், வருஷா வருஷம் பெருகுவது வட்டி. முதலைத் தொடாமல் வட்டியை எடுத்துச் சாப்பிடலாம், அதற்கு முதல் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அளந்து நிர்வகித்த இடங்களில் மீன் திரும்பி வந்திருக்கிறது. உலகப் பிடிப்பில் ஏறக்குறைய பாதிக்கு இப்படி மதிப்பீடு இருக்கிறது, அந்தக் கூட்டங்கள் சராசரியாகக் கூடிவருகின்றன என்று ஹில்போர்ன் குழு 2020இல் காட்டியது. 2009இல் அந்த வோர்மே ஹில்போர்னோடு உட்கார்ந்து, நன்றாக ஆராய்ந்த பத்துக் கடற்பகுதிகளில் ஐந்தில் மீன்பிடி அழுத்தம் குறைந்திருக்கிறது என்று எழுதினார்.

தேவகோட்டை முற்றம்
அதே கட்டுரையில், மதிப்பிட்ட கூட்டங்களில் 63 சதவீதத்துக்கு மீட்பு வேண்டும் என்றும் இருக்கிறதே! வரவை மட்டும் படித்துவிட்டுப் பற்றை விட்டுவிட்டீர்கள்.

முதல் எவ்வளவு என்று அளக்கச் சொன்னீர்கள், சரி. எந்த வருஷத்து முதல்? வட்டிக்கடைக்குப் புதிதாக வந்த ஏஜெண்டு, தான் பெட்டியைத் திறந்த அன்று இருந்த பணத்தையே முதல் என்று எழுதிக்கொண்டால், முந்தின ஆள் சாப்பிட்டது எந்தப் பேரேட்டில் வரும்?

தொண்டி வல்லம்
இரண்டு பேரும் கரையில் நின்று பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீரில் இறங்குகிறேன். எங்கள் வீடு நாட்டுப்படகு வீடு. இப்போது காரைக்குடியில் மீன் கடை வைத்திருக்கிறேன்.

கணக்கன் அண்ணே, நீங்கள் சொன்ன அந்தப் பாதியில் நம் பக்கம் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் கணக்கில் தெற்காசியா பெரும்பாலும் மதிப்பீடு இல்லாத மறுபாதியில் கிடந்தது. ஒரு வலையில் ஒரு இன மீன் வரும் கடலில் எண்ணுவது லேசு. பாக் விரிகுடாவில் இழுவைமடி ஒரு தடவை மேலே வந்தால் காரல், நகரை, நண்டு, இறால், பெயர் தெரியாத குஞ்சு எல்லாம் ஒரே குவியல். நல்லதைப் பொறுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் சங்காயம். அதை அள்ளிக் காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்கள். ஒரு தடவை அந்தக் குவியலில் கை விட்டுப் பார்த்தேன், விரல் நீளத் திருக்கைக் குஞ்சு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. அக்கா சிட்டையில் கூடைக்கு அடங்காமல் போனது அதுதான்.

தரவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது, ரொம்ப வருஷம் தலைமையிடம் நம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. ஏலக்கூடத்தில் மீனைப் பலகையில் வைத்து நீளம் குறிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு நீளம் என்று கேட்டேன். குளிர் நாட்டு மீனுக்குக் காது எலும்பில் வருஷ வளையம் தெளிவாக விழுமாம், நம் வெதுவெதுப்பான கடலில் அவ்வளவு சரியாக விழாதாம். அதனால் நிறைய மீனின் நீளத்தை வைத்து வளர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்தக் கணக்கு முறையைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவர் இதே பௌலி. ஆள் பழங்கதை மட்டும் பேசுகிறவர் இல்லை.

கோட்டையூர் கணக்கன்
இது எனக்குப் புதுசு. நீளம் அளக்கிற பௌலியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தொண்டியாரே, தடைக்காலம், படகுக்குக் கட்டுப்பாடு, வலைக்கண் அளவு எல்லாம் நிர்வாகம்தானே? அதைத்தானே நானும் கேட்கிறேன்.

தொண்டி வல்லம்
நிர்வாகம் வேண்டாம் என்று யார் சொன்னது? 61 நாள் கழித்து அத்தனை விசைப்படகும் ஒரே ராத்திரியில் இறங்கினால், அந்த 61 நாளில் வளர்ந்தது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறேன். நீங்கள் வட்டி என்கிறீர்கள், எங்களுக்கு அது ஒரு வாரத்துச் சாப்பாடு.

மண்சட்டி
எனக்குப் பசிக்கிறது.

கோட்டையூர் கணக்கன்
ஆச்சி, ஒரு வழி இருக்கிறது. பெரிய மீன் வந்த நாளை விடுங்கள். மீன் வாங்காத நாளையும் அப்பத்தா எழுதியிருக்கிறாரா? இல்லாத நாளும் பதிவாகியிருந்தால் சிட்டைக்குக் கொஞ்சம் மதிப்பு தருவேன்.

தேவகோட்டை முற்றம்
இப்போதுதான் புரட்டினேன். “மீன்காரி வரலை” என்று 1961 ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பதினோரு இடத்தில் இருக்கிறது.

தொண்டி வல்லம்
வாடைக்காற்று காலம். வல்லம், அதான் நாட்டுப்படகு, இறங்கியிருக்காது.

கோட்டையூர் கணக்கன்
சரி, அப்படியென்றால் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கூடை எவ்வளவு பெரிசு? அது தெரிந்தால் திருக்கைக்கு ஒரு குறைந்தபட்ச அகலமாவது கிடைக்கும்.

தேவகோட்டை முற்றம்
வீட்டில் அந்தக் காலத்து ஓலைக் கொட்டான் இருக்கிறது. அளந்தேன், வாய் அகலம் ஒன்றரை முழம்.

தொண்டி வல்லம்
கொட்டானில் யார் அக்கா மீன் வாங்குவார்கள்? நாற்றம் சாகிற வரைக்கும் போகாது. அப்பத்தா சொன்னது மீன்காரியின் தலைக்கூடை. எங்கள் ஆத்தா சுமந்த பனைநார்க் கூடை ஒன்று வீட்டு மேலே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், அளந்து போடுகிறேன்.