போன் ஸ்பீக்கரில் சப் பேஸ் காணாமல் போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எட்டு மாதமாக வைட்டல் என்ற மென்பொருள் சிந்தசைசரில் டப்ஸ்டெப் என்ற மின்னணு இசை செய்யக் கற்று வருகிறேன். 2000களின் தொடக்கத்தில் தென் லண்டனின் கிராய்டன் பக்கம் உருவான, நிறைய இடைவெளி விட்டு ஒலிக்கும் அந்த 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 தட்டு) பாணிதான் எனக்கு உயிர்.

சிக்கல் இதுதான். சப் பேஸ், அதாவது மிகக் கீழே ஒலிக்கும் பேஸ், ஒரு சுத்தமான சைன் அலை (ஒரே அதிர்வெண் மட்டும்), எஃப் ஸ்வரம், சுமார் 44 ஹெர்ட்ஸ். ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது, அது புரிகிறது. அதனால் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) போட்டு, மேலே ஹார்மோனிக்குகளை (அடி அதிர்வெண்ணின் மடங்குகளை) வரவைத்தேன். இப்போது போனில் கேட்கிறது, ஆனால் அடியில் இருந்த அந்த மெத்தென்ற கனம் போய்விட்டது.

சப்பைத் தனி டிராக்கில் மோனோவாக, தொடாமல் வைத்துவிட்டு, 100 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் லேயரை மட்டும் டிஸ்டார்ட் செய்யலாமா? இரண்டும் சேரும் இடத்தில் ஃபேஸ் மோதினால் (அலைகள் ஒன்றையொன்று அழித்தால்) எப்படிச் சரிசெய்கிறீர்கள்?

அப்புறம், என் அறை பத்தடிச் சதுரம். 56 ஹெர்ட்ஸ் பக்கம் மூலையில் குமுறுகிறது, நாற்காலியில் உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. இதில் மிக்ஸ் செய்பவர்கள் எதை நம்பி முடிவெடுக்கிறீர்கள்? புராஜெக்ட் ஃபைல் அனுப்பத் தயார், பொறுமையாகக் கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.