கல்லூரி நூலகத்தில் குறிப்புதவி நூல்களுக்குப் பதில் மென்பொருளா?

தகடூர் நூலகர் (தருமபுரி):
வரும் கல்வியாண்டு முதல் குறிப்புதவி நூல்கள் வாங்குவதை நிறுத்திவிட்டு, அந்தத் தொகையை மின்னிதழ்ச் சந்தாவுக்கும், மாணவர்களின் ஐயங்களுக்கு விடை தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கும் ஒதுக்கலாம் என்று எங்கள் நூலகக் குழுவில் பேச்சு எழுந்துள்ளது. சந்தாவை நான் எதிர்க்கவில்லை, மென்பொருளைத்தான் எதிர்க்கிறேன். சென்ற மாதம் ஆய்வு மாணவர் ஒருவர், அத்தகைய மென்பொருள் கொடுத்த ஐந்து கட்டுரைகளின் பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். அவற்றுள் ஒன்றில் இதழின் பெயர் சரி, தொகுதி எண்ணும் சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்ததோ வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரை. ஐந்தில் இரண்டு எங்குமே வெளிவரவில்லை என்று உறுதிசெய்வதற்குள் ஒரு பிற்பகல் முழுவதும் போய்விட்டது.

மலையோர ஆசிரியை (கிருஷ்ணகிரி):
ஐயா, என் மாணவியருக்கு அந்தப் பிற்பகலே கிடையாது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கடைசி வகுப்பு முடிந்ததும் பேருந்துக்கு ஓடுகிறார்கள். குறிப்புதவி நூலை வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கமும் இல்லை என்பதால், அலமாரியில் அது இருந்தும் அவர்களுக்கு இல்லாததுதான். காந்திநகரிலுள்ள நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்னூல், மின்னிதழ்ச் சேவை வழியாக வீட்டிலிருந்தே படிக்கலாம். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் வருகின்றன. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது அல்லவா?

சுயநிதிக்காரன்:
அம்மா, அந்தச் சந்தாத் திட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிகளையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

தகடூர் நூலகர்:
நான்காம் விதியை நினைவூட்டியதற்கு நன்றி. என் வாதமும் அதுவே. எங்கள் நூற்பட்டியலைக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் ஏற்றியபோது தமிழ் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாகப் பதிந்துவிட்டார்கள். இதே ஊரின் பழம்பெயரான 'தகடூர்' என்று தமிழில் தட்டினால் ஒரு நூலும் வருவதில்லை. ஆங்கிலத்திலோ 'த'வுக்கு ஒருவர் ஓரெழுத்து, இன்னொருவர் ஈரெழுத்து. நடுகல் பற்றி எழுதும் மாணவி 'இங்கே ஒன்றுமில்லை' என்று திரும்பிப் போகவிருந்தாள். அலமாரிக்கு அழைத்துச் சென்று ஏழு நூல்களை எடுத்துக் கொடுத்தேன். இந்தப் பட்டியலை நம்பி எந்த மென்பொருள் என்ன விடை சொல்லும்? முதலில் பணத்தைப் பதிவுகளைத் திருத்தச் செலவிடட்டும்.

மலையோர ஆசிரியை:
இதை மறுக்க முடியவில்லை. மென்பொருளை ஓராண்டு தள்ளிவையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தா கட்டிய கையோடு கடவுச்சொல்லையும் பருவத்தின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள் ஐயா; எங்கள் கல்லூரியில் விண்ணப்பித்தவர்களுக்கு அது கைக்கு வந்தபோது பருவத்தேர்வே முடிந்திருந்தது.