டீச்சர் தேடிய கீழ்ப்பட்டை

விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவிய அனுபவத்தை நண்பர்கள் பலரும் எழுதிவிட்டதால், நிறுவிய பிறகு நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மலேசியாவின் பினாங்கில், பிறை என்ற ஊரில் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், தம் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறார். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அவரிடமிருந்த மூன்று பழைய கணினிகளும் விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. அவற்றில் லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 13ஐப் போட்டு, அதனுடன் வந்த க்னோம் டெஸ்க்டாப்பை (திரையின் தோற்றத்தையும் சாளரங்களையும் கவனிக்கும் மென்பொருள்) எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவந்தேன். அது என் தவறு.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது, டீச்சர் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தட்டிக்கொண்டிருந்தார். பழைய தாளின் பிடிஎஃப் திரை முழுவதும் திறந்திருந்தது. ஒரு கேள்வியைப் படித்தார், அதை மூடினார், பின்னால் இருந்த லிப்ரெஆபிஸ் எழுதுசெயலியில் அதைத் திருத்தி எழுதினார், மறுபடி கோப்புறைக்குப் போய்ப் பிடிஎஃப்பைத் திறந்து, விட்ட பக்கத்தைத் தேடினார். இருபது கேள்விக்கும் இப்படித்தான். பக்கத்தில் இருந்த நோட்டில், எந்தக் கேள்வி எந்தப் பக்கத்தில் என்று பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். "முன்னே கீழே வரிசையா நிக்கும் தம்பி, இதுல காணோம்" என்றார்.

இடப்பக்க மேல்மூலைக்குச் சுட்டியைக் கொண்டுபோகச் சொன்னேன். திறந்திருந்த சாளரங்கள் எல்லாம் சுருங்கி நடுவில் வந்து நின்றதும், சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எழுதினது எல்லாம் சிறுசாப் போச்சே!" அவர் குரலில் இருந்த பதற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3, திறந்த சாளரங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும் கீழ்ப்பட்டையை நீக்கியது; சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானையும் இயல்பு அமைப்பிலிருந்து எடுத்துவிட்டது. பட்டையே இல்லாதபோது சிறிதாக்கிய சாளரம் போய் நிற்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் இடமில்லை என்பது அதற்கான காரணம். அந்தக் காரணத்தில் பிழையில்லை. ஆனாலும் பலருக்கு மனம் ஒப்பவில்லை. பழைய க்னோம் 2இன் வழியைத் தொடர, அதன் நிரலிலிருந்து மாட்டே என்ற டெஸ்க்டாப் கிளைத்தது; லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் குழு சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கியது. க்னோம் 3 வந்த அதே மாதம், உபுண்டு என்ற லினக்ஸ் வகை தன் சொந்த யூனிட்டியை இயல்பு முகப்பாக்கி, 2017இல் மீண்டும் க்னோமுக்கே வந்தது.

புதுமையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே கூடத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஒரு பணியிடத்தில் (சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித் திரை) அகராதியும் அடுத்ததில் கட்டுரையுமாக, விசைப்பலகையாலேயே அங்குமிங்கும் போய்வரப் பத்து நிமிடத்தில் பழகிக்கொண்டாள். அவளுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை. டீச்சருக்கோ, கண்ணுக்குத் தெரியாத சாளரம் என்றால் தொலைந்துபோன வேலை. மறைந்திருக்கும் சாளரம் இன்னும் பத்திரமாக இருக்கிறது என்பதைத் திரையே சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. மூலையைத் தொட்டால் தெரியும் என்பது, தொடத் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும்.

முழு டெஸ்க்டாப்பையும் மாற்றினால் அந்த மாணவிக்கு இடைஞ்சல் என்பதால், டீச்சரின் கணினியில் மட்டும் க்னோம் திட்டமே பராமரிக்கும் சாளரப் பட்டியல் என்ற நீட்சியை (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) இயக்கி, சிறிதாக்கும் பொத்தானையும் திரும்பக் கொண்டுவந்தேன். கீழே பட்டை வந்தவுடன் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. மூன்று தாள்களைத் திறந்தால், பட்டையில் மூன்றும் "மாதிரித் தேர்…" என்று வெட்டுப்பட்டு, கடைசியில் இருந்த எண் மறைந்துபோனது. எழுத்தளவைக் குறைக்கலாமா என்று நான் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். டீச்சர் கோப்புறையைத் திறந்து, ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் முன்னால் 1, 2, 3 என்று எண்ணைத் தட்டி வைத்தார்.