மஸ்டா எம்எக்ஸ்-5: டிக்கி மூடியின் மேல் சுமை ஏற்றுவது குறித்து உதவி தேவை

வணக்கம். என்னுடையது 2017ஆம் ஆண்டின் மஸ்டா எம்எக்ஸ்-5, துணிக்கூரை வண்டி. வரும் செப்டம்பரில் நாங்கள் இருவரும், கூடாரம் சகிதமாக, இன்வெர்னஸில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் 516 மைல் நார்த் கோஸ்ட் 500 சாலையில் செல்லவிருக்கிறோம். டிக்கியின் கொள்ளளவு 130 லிட்டர்தான். அதன் வாயோ இன்னும் குறுகல்.

கெட்டிப் பெட்டிகளை விட்டுவிட்டு மடங்கும் துணிப்பைகளுக்கு மாறியதில் உடைகள் அடங்கிவிட்டன. கூடாரமும் படுக்கைப் பைகளும்தான் வெளியே நிற்கின்றன. துணிக்கூரையின் மேல் எதையும் கட்ட இயலாது. டிக்கி மூடி அலுமினியத்தால் ஆனதால் காந்தத் தாங்கி ஒட்டாது. பட்டைகளால் இறுக்கும் தாங்கி ஒன்றை வாங்கி, சுமார் 12 கிலோ ஏற்றி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன்: மணிக்கு 60 மைலைத் தாண்டியதும் பட்டைகள் அதிர்ந்து ஊளையிட்டன, தாங்கி இடப்பக்கம் நகர்ந்தது, கொக்கி பிடித்திருந்த மூடியின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு வண்ணப்பூச்சு உரிந்தது. அடியில் ரப்பர் விரிப்பு வைத்தும் நகர்வு நிற்கவில்லை. ஈரமானால் இன்னும் மோசம், அங்கோ மழைக்குப் பஞ்சமில்லை.

மூடியில் துளையிட எனக்கு விருப்பமில்லை. மூன்றாவது பிரேக் விளக்கும் மறையக்கூடாது.

2015க்குப் பிந்தைய இம்மாதிரியில், மூடியின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வகைத் தாங்கியில் 12 கிலோவை ஏற்றி, மழையில் நெடுந்தூரம் பாதிப்பின்றி ஓட்டியவர்கள் எந்தத் தாங்கியைப் பயன்படுத்தினீர்கள்?