வில்லனோட நோக்கம் எப்போ நிஜமாவே பயமுறுத்தும்?

கேள்வி:
த்ரில்லர் எழுதிட்டு இருக்கேன், வில்லன் உலகத்தையே அழிக்க நினைக்கிறவன், சின்ன வயசுல அம்மாவை இழந்தவன்னு ஃப்ளாஷ்பேக்லாம் வெச்சாச்சு, ஆனா படிச்சவங்க "பாவம்"னுதான் சொல்றாங்க, யாருக்கும் பயம் வரல. என்ன பண்ணலாம்?

பதில் 1:
உலகத்தை அழிக்கிறதெல்லாம் ரொம்ப பெருசு ப்ரோ, மனசுல ஒட்டாது. இப்படி யோசிங்க, படுத்த படுக்கையா இருக்கற அம்மாவை பாத்துக்கற பொண்ணு, அம்மா எழுந்து நடந்துட்டா அப்புறம் நம்மள யார் தேடுவான்னு மாத்திரையை மாத்தி குடுக்கறா. குடுக்கறப்போ தண்ணி சூடு சரியா இருக்கான்னு விரலை விட்டு பாக்கறா, தலையணையை சரி பண்றா. பாசமும் நிஜம்தான், அதான் குலை நடுங்குது.

பதில் 2:
வெறுப்பு கூட வேணாங்க. 1961ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில ஸ்டான்லி மில்கிராம்னு ஒரு உளவியல் நிபுணர் ஒரு ஆராய்ச்சி பண்ணாரு, பக்கத்து ரூம்ல இருக்கறவர் தப்பா பதில் சொன்னா ஷாக் குடுக்கணும், அது டூப்புன்னு குடுக்கறவங்களுக்கு தெரியாது. 40 பேர்ல 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்க, வேர்த்து கொட்டி கை நடுங்கியும் சுவிட்சை அழுத்திட்டே இருந்தாங்க, ஆராய்ச்சியை நடத்தினவர் கூடவே இருந்து "தொடருங்க"ன்னு சொன்னதுக்காக. (அந்த ஆராய்ச்சி மேல விமர்சனமும் நிறைய உண்டு.)

பதில் 3:
எனக்கு ஒத்து வரல, காரணமே சொல்லாத வில்லன்தான் கெத்து.

பதில் 1:
@பதில் 3 வாசகனுக்கு சொல்லாம விடலாம், எழுதறவருக்கு தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா சீனுக்கு சீன் அவன் குணம் மாறிடும்.

கேள்வி கேட்டவர்:
அந்த பொண்ணு ஐடியாவை சுட்டுக்கலாமா? 😅