நாரகன்செட் கரையோரத்தில் நல்ல கிளாம் சவுடரைத் தேடி

மட்டிச் சதையோடு வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேகவைத்துச் செய்யும் கிளாம் சவுடர் எனும் சூப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் அது எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். கரண்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் சாயாமல் நிற்கிறது என்பதையே பெருமையாகச் சொல்லும் உணவகங்களும் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கே, மாசசூசெட்ஸின் கேப் காட் தொடங்கி ரோட் ஐலண்டின் பாயின்ட் ஜூடித் வரையுள்ள கடற்கரையில் கோடைதோறும் குடும்பத்தோடு பல உணவகங்களில் ஏறி இறங்கியவள் என்ற முறையில், அந்த அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. சவுடரின் தரம் அதன் சாற்றில் இருக்கிறது. அந்தச் சாறு மட்டியின் ஓட்டுக்குள் இருந்து வந்ததா, மாவும் பாலேடும் உப்பும் சேர்த்து ஒப்பேற்றப்பட்டதா என்பதை முதல் கரண்டியிலேயே நாக்கு கண்டுகொள்ளும்.

இந்தக் கரையில் சவுடருக்கென்றே அமைந்த மட்டி குவாஹாக். ஓடு தடிப்பானது; உட்புறம் வெண்மையாகவும் விளிம்போரம் ஊதாவாகவும் இருக்கும். அந்த ஊதாப் பகுதியை அறுத்துத் துளையிட்டு, இங்குள்ள பழங்குடி மக்கள் வாம்பம் எனும் மணிகளைச் செய்தார்கள். அளவுக்கு ஏற்ப இதன் பெயர் மாறும். சிறியவை லிட்டில்நெக், சற்றுப் பெரியவை செர்ரிஸ்டோன். உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு வளர்ந்தவற்றை மீன்கடைகளில் சவுடர் கிளாம் என்றே எழுதி வைத்திருப்பார்கள். சிறியவற்றை எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே உண்கிறார்கள். பெரியவற்றின் சதை அப்படி உண்ண முடியாத அளவுக்கு முரடானது. ஆனால் சாறு மிகுதியாகவும் சுவை அழுத்தமாகவும் இருப்பதால், பொடியாக நறுக்கி வேகவைப்பதற்கு அவையே ஏற்றவை. ரோட் ஐலண்ட் 1987-இல் குவாஹாக்கைத் தன் மாநிலச் சிப்பியாக அறிவித்தது. நாரகன்செட் விரிகுடாவில் சிறு படகில் நின்றபடி, மிக நீண்ட காம்பு பொருத்திய இரும்பு வாரியால் அடிமண்ணைக் கிளறி இவற்றை வாரியெடுப்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

தகர டப்பாக்களிலும் உறைய வைத்த பொதிகளிலும் வரும் நறுக்கிய சதை பெரும்பாலும் வேறோர் இனம். அது சர்ஃப் கிளாம். கரையிலிருந்து தள்ளி, திறந்த அட்லாண்டிக்கில் பெரிய படகுகள் நீரைப் பீய்ச்சி மணலைக் கலைத்து அள்ளுவது. அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஒழுங்காகச் சமைத்தால் அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் கடலைப் பார்த்தபடி அமர்ந்து, கடலோரத்துக்கான விலையைக் கொடுத்து உண்ணும்போது, எதிரே தெரியும் நீரில் விளைந்ததையே எதிர்பார்ப்பது நியாயம்தானே?

என் கணவர் பன்றி இறைச்சி சாப்பிடாதவர். சவுடரின் பழைய முறையில் உப்பிட்ட பன்றிக் கொழுப்பை உருக்கி, அதில் வெங்காயம் வதக்குவதுதான் முதல் வேலை. ஆகவே எந்த உணவகத்தில் அமர்ந்தாலும், பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்காமல் நாங்கள் ஆர்டர் கொடுப்பதில்லை. அவருக்காகக் கேட்கத் தொடங்கிய அந்தக் கேள்வியே நாளடைவில் நல்ல சவுடரை இனம் காணும் வழியாகிவிட்டது. அங்கேயே சமைப்பவர்கள் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிறார்கள்: சேர்த்திருக்கிறோம், அல்லது வெண்ணெயில்தான் வதக்குகிறோம். பொதியைப் பிரித்துச் சூடாக்கித் தருகிற இடத்திலோ, பரிமாறுபவர் உள்ளே போய், பொதியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு எங்களை அநேகமாக ஏமாற்றியதில்லை.

கேப் காட்டில் காட்சிக்குப் பெயர்போன ஓர் உணவகத்தில் பொதியைப் படித்துவிட்டு வந்து சொன்ன பதில்தான் கிடைத்தது. பன்றி இறைச்சி இல்லை என்று உறுதியானதால் வாங்கினோம். நெடுநேரம் சூட்டிலேயே இருந்ததால் மேலே ஆடை படிந்திருந்தது. வேகாத மாவின் வாடை தெளிவாகத் தெரிந்தது. சதைத் துண்டுகள் எவ்வளவு மென்றாலும் ரப்பராகவே இருந்தன. என் மகள் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டாள். இத்தனை வளமான கடலின் ஓரத்தில், தொலைவிலிருந்து ஆசையோடு வருகிறவர்களுக்கு இதைக் கொடுத்து இதுதான் சவுடர் என்று நம்ப வைப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ரோட் ஐலண்டின் கலிலீ துறையில் கிடைத்தது. பிளாக் ஐலண்டுக்குப் படகு புறப்படும் இடத்துக்கு அருகே, மீன்கடையோடு சேர்ந்த ஒரு சிறு உணவகம். வழக்கமான கேள்வியைக் கேட்டதும், முகப்பில் நின்ற வயதான அம்மையார், “வெண்ணெய்தான். சந்தேகமிருந்தால் உள்ளே வந்து பாருங்கள்” என்றார். பெரிய குவாஹாக்குகளைச் சிறிதளவு நீரில் ஆவியில் வேகவைத்து, வாய் பிளந்தவுடன் ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டில் தேங்கியிருந்த நீரையும் அதே பாத்திரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சாறு சாம்பல் கலந்த நீல நிறத்தில் லேசாகக் கலங்கியிருந்தது. அதைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்து, பிறகு துணியிட்ட வேறொரு பாத்திரத்தில் மெதுவாக வடித்தார்கள். அடியில் இரண்டு விரற்கடை அளவு மிஞ்சியபோது நிறுத்தி, மணலெல்லாம் இதில்தான் இருக்கும் என்று சொல்லி, அந்த மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினார்கள். வடித்த சாற்றில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெந்தன. நறுக்கிய சதை கடைசியில்தான் உள்ளே போயிற்று. பாலும் மாவும் அந்த அடுப்பின் பக்கமே வரவில்லை.

தெளிந்த சாற்றில் செய்யும் இதுவே ரோட் ஐலண்ட் சவுடர். மறைத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லாததால், மட்டி பழையதானாலும் மணல் தங்கியிருந்தாலும் உடனே வெளிப்பட்டுவிடும். நான் மிளகுத்தூளையோ பிஸ்கட்டையோ சேர்க்காமல், முதலில் சாற்றை மட்டும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். முதலில் உப்பும், அதன் பின்னால் மெல்லிய இனிப்பும், தொண்டையில் இறங்கும்போது கடலின் மணமும் வந்தன. நாங்கள் தேடிய வரையில் அதற்கு மேல் ஒன்றை நான் உண்டதில்லை.

பால் சேர்த்த வெள்ளைச் சவுடரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ரோட் ஐலண்டின் நாரகன்செட் ஊரில் 1920-லிருந்து இயங்கும் ஆன்ட் கேரீஸ் உணவகத்தில் தெளிந்தது, வெள்ளை, தக்காளி சேர்த்த சிவப்பு என மூன்றும் கிடைக்கின்றன. மூன்றையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பார்க்க அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. கூடவே கிளாம் கேக் எனப்படும் உருண்டைப் பொரியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். தக்காளி சேர்ப்பதா கூடாதா என்பது இந்த வட்டாரத்தில் விளையாட்டான விஷயமில்லை. 1939-இல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் அதைத் தடைசெய்ய ஒரு மசோதாவே கொண்டுவந்தார்கள். என் மகளுக்குச் சிவப்புதான் பிடித்தது.

பாஸ்டனில் மட்டுமே தங்குகிறவர்கள், 1826 முதல் நடந்துவரும் யூனியன் ஆய்ஸ்டர் ஹவுஸில் வெள்ளைச் சவுடரை உண்ணலாம். அந்தப் பழைய கட்டடத்தில் அமர்வதே ஓர் அனுபவம்.

கெட்டியாக இருப்பதுதான் மரபு என்று வாதிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் அச்சான மிகப் பழைய சவுடர் குறிப்பாக அறியப்படுவது 1751-இல் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் செய்யுள் வடிவில் வந்தது. அது மீன் சவுடர். வெங்காயம், பன்றி இறைச்சி, மீன், பிஸ்கட் ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்துச் சமைக்கச் சொல்கிறது. அதில் பாலும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. கப்பல்களில் கொண்டுபோன கடினமான பிஸ்கட்டே ஊறிக் கரைந்து சாற்றுக்குத் திடம் கொடுத்தது. இன்று கிண்ணத்தோடு தரும் சிறிய ஆய்ஸ்டர் கிராக்கர் அதன் வழிவந்ததுதான். ஆகவே கெட்டி வேண்டுமென்பவர்கள் அவற்றை நொறுக்கிப் போட்டுச் சற்று ஊறவிடலாம். மாவைவிட அது எவ்வளவோ மேல்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மீன் குழம்பைப் போலவே வெள்ளைச் சவுடரும் மறுநாள்தான் கூடி வரும். எனவே நேற்றே செய்தது என்று சொன்னால் தயங்க வேண்டாம். பெருமழை பெய்தால் கழிவுநீர் கலக்கும் என்பதால் நாரகன்செட் விரிகுடாவின் மேற்பகுதியில் மட்டி எடுப்பதைச் சில நாள்கள் நிறுத்திவிடுவார்கள். அப்போது மட்டி எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது நல்லது. கரையோரக் கடைகள் பலவும் இலையுதிர்காலத்திலேயே மூடிவிடுகின்றன. ஜூலை, ஆகஸ்ட் நெரிசல் குறைந்து, கடைகள் இன்னும் திறந்திருக்கும் செப்டம்பரே எங்கள் விருப்பம். சமையலறையில் இருப்பவர்களுக்கும் அப்போது நின்று பேச நேரம் இருக்கும்.

மெய்ன் கரைக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. அங்கே மெல்லிய ஓடுள்ள ஸ்டீமர் மட்டியில், மாவு சேர்க்காமல், நீர்த்த பாலில் சவுடர் செய்யும் வழக்கம் உண்டு. போர்ட்லாந்துக்கு வடக்கே அப்படிச் சமைக்கும் உணவகங்களில் உண்டவர்கள் இங்கே இருந்தால், இடத்தின் பெயரோடு எழுதுங்கள். வெங்காயத்தை எதில் வதக்குகிறார்கள் என்பதையும் கேட்டுச் சொன்னால் என் கணவருக்கும் உதவியாக இருக்கும்.